எசேக்கியாவுக்கு மனாசே பிறந்ததுபோல என் வீட்டிலும் நடந்துவிட்டதா?

கடிதம் எழுதியவர் தென்மாவட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வயது 63. பல வருஷமாகத் தன் சபையில் பிள்ளைகளுக்கு வேதாகமம் சொல்லித்தரும் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறார். அவருடைய அப்பா குடித்தே நிலத்தையும் உடம்பையும் அழித்தவர். இவர் வாழ்நாளில் ஒரு சொட்டும் தொட்டதில்லை. இரண்டு மகன்கள். இளையவர் வெளியூரில் வேலையில் இருக்கிறார். மூத்தவருக்கு 32 வயது, பொறியியல் படித்தவர். மூன்று வருஷமாகத் தினமும் குடிக்கிறார், வேலை போய்விட்டது, வட்டிக்கு வாங்கிய கடன் வாசலுக்கு வருகிறது. அப்பா இரண்டு முறை கடனை அடைத்திருக்கிறார். போன வருஷம் மருமகள் ஆறு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டார். அப்போதிலிருந்து அப்பா மகனோடு பேசுவதில்லை. ஒரே வீடுதான். மகன் மாடியில், பெற்றோர் கீழே.

"வேதாகமத்தில் யூதாவின் ராஜாக்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நல்லவர் வெள்ளை, கெட்டவர் கறுப்பு என்று சார்ட் போடுவேன். நல்ல எசேக்கியாவுக்குப் பொல்லாத மனாசே பிறந்ததை எழுதும்போது இப்போதெல்லாம் கை நடுங்குகிறது" என்கிறார். வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர், இது மூதாதையர் சாபம், மூன்று நாள் உபவாச ஜெபத்தில் மகனைத் தனி அறையில் வைத்து அந்தச் சாபத்தை அறுக்க வேண்டும் என்று சொல்லி, காணிக்கையாக ஒரு பெரிய தொகையும் கேட்டிருக்கிறார். கடிதத்தில் நாலு கேள்விகள். என் அப்பாவின் பாவம் என் மகன்மேல் வந்ததா? அவன் இனி இப்படித்தானா, பேரனும் அப்படித்தான் ஆவானா? வீட்டை இப்போதே இளையவன் பேரில் எழுதிவிடலாமா? சொந்த வீட்டை நடத்தத் தெரியாத நான் ஓய்வுநாள் பள்ளியை விட்டுவிட வேண்டுமா? (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

ஐயா,

நான் குடும்ப ஆலோசகர். ஊழியக்காரர் இல்லை. சாதாரணமாக வேத வசனங்களை வைத்துப் பதில் எழுதுவதும் இல்லை. ஆனால் உங்கள் பயம் முழுக்க ராஜாக்கள் புத்தகத்திலிருந்து பிறந்திருக்கிறது. அந்தப் புத்தகத்துக்குள் வராமல் உங்களோடு பேச முடியாது. நானும் அதை விரும்பிப் படிப்பவன்தான். அதனால் முதலில் அங்கே போவோம், மருத்துவமும் சட்டமும் அப்புறம்.

உங்கள் சார்ட்டை மறுபடி எடுத்து, ஒவ்வொரு நல்ல ராஜாவின் பக்கத்திலும் அவருடைய தகப்பன் யார் என்று ஒரு கட்டம் போட்டுப் பாருங்கள். எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா நாட்டில் "கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான்" என்று பெயர் வாங்கியவர்கள் எட்டுப் பேர்: ஆசா, யோசபாத், யோவாஸ், அமத்சியா, உசியா, யோதாம், எசேக்கியா, யோசியா. இதில் ஆசா, யோவாஸ், எசேக்கியா, யோசியா என்ற நாலு பேருக்கும் தகப்பன் கெட்ட பெயர் எடுத்தவர். சரிபாதி. இன்னொன்றும் உண்டு. முதல் ஆறு பேரைப் பாராட்டிய கையோடு, "ஆனாலும் மேடைகள் அகற்றப்படவில்லை" என்று, அதாவது ஆலயத்துக்கு வெளியே பலியிடும் இடங்கள் அப்படியே இருந்தன என்று, ஒரு குறையும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் குறை இல்லாமல் தப்பித்தவர்கள் எசேக்கியாவும் யோசியாவும் மட்டுமே. அந்த இருவரின் தகப்பன்மார் யார்? ஆகாஸ், தன் மகனைப் பலியாகத் தீக்கடக்கப் பண்ணி, ஆலயத்தின் கதவுகளைப் பூட்டியவர். ஆமோன், இரண்டே வருஷம் ஆண்டு, சொந்த ஊழியக்காரர்களாலேயே அரண்மனையில் கொல்லப்பட்டவர்.

அதாவது மிகச் சிறந்த இரண்டு ராஜாக்களும் மிக மோசமான வீடுகளிலிருந்து வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ திரும்பவும் கெட்டுப்போனார்கள். எசேக்கியாவுக்கு மனாசே. யோசியாவுக்கு யோவாகாஸ், யோயாக்கீம், சிதேக்கியா என்று மூன்று பேர். மோசேயின் கட்டளைகள் அடங்கிய நியாயப்பிரமாண புத்தகத்தை வாசிக்கக் கேட்டதும் யோசியா தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டார். மகன் யோயாக்கீம், தீர்க்கதரிசி எரேமியாவின் சுருளை வாசிக்க வாசிக்கக் கத்தியால் அறுத்துக் கணப்பு நெருப்பில் போட்டார். இந்த வரிசையை எப்படிப் புரட்டினாலும், தகப்பனைப் பார்த்து மகனைக் கணிக்க ஒரு விதியும் கிடைக்காது. நீங்கள் சாபத்துக்குச் சாட்சியாக எடுத்த பட்டியல் உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

நீங்களே இதற்கு இன்னொரு சாட்சி, ஐயா. உங்கள் அப்பா ஆகாஸ் மாதிரி வாழ்ந்தார் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? அப்படியானால் அந்த ரத்தம் உங்களை என்ன செய்தது? இதே ராஜாக்களின் கதையைச் சொல்லும் இன்னொரு வேதப் புத்தகமான நாளாகமத்தில், உசியாவின் மகன் யோதாமைப் பற்றி ஒரு வரி வரும். தகப்பன் செய்தபடியெல்லாம் செய்தார், ஆலயத்துக்குள் மட்டும் நுழையவில்லை என்று. உசியா பெருமையோடு ஆலயத்துக்குள் தூபம் காட்டப் போய்க் குஷ்டரோகியாகித் தனி வீட்டில் செத்தவர். அந்த ஒரு தப்பை மட்டும் மகன் தொடவில்லை. குடிக்கிற அப்பாவின் வீட்டில் வளர்ந்து ஒரு சொட்டும் தொடாத உங்களைப்போலத்தான் அவரும்.

மனாசேயைப் பற்றிச் சார்ட்டில் வராதது

மனாசே நல்லவர் என்று சொல்ல வரவில்லை. எருசலேமைக் குற்றமில்லாத ரத்தத்தால் நிரப்பியவர் என்று ராஜாக்கள் புத்தகம் சொல்கிறது. யூதா பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனதற்கே அவருடைய பாவத்தைக் காரணமாகக் காட்டுகிறது. ஆனால் அவர் ராஜாவானபோது வயது 12. எசேக்கியா சாகும் வியாதியில் அழுது ஜெபித்த பிறகு அவருடைய ஆயுளில் 15 வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டதே, அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளை என்று கணக்கு வரும். அந்தப் பையன் வாங்கிய நாடும் நொறுங்கிய நாடு. கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்து வந்தார். யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமுக்குள் அடைத்ததாகவும் அவருடைய கல்வெட்டே பெருமையடிக்கிறது. எருசலேம் தப்பியது, நாடு தப்பவில்லை. மனாசேயின் பெயரும் அசீரியக் கல்வெட்டுகளில் வருகிறது, கப்பம் கட்டும் சிற்றரசர்களில் ஒருவராக. எசேக்கியா எதிர்த்து நின்ற பேரரசுக்கு மகன் பணிந்து 55 வருஷம் ஓட்டினார். அவர் செய்தது எதையும் இது நியாயப்படுத்தாது. ஒருவர் எந்தச் சூழலில் தப்பான வழிக்குப் போனார் என்று விசாரிப்பதற்கு மட்டும் இது உதவும். உங்கள் மகன் குடிக்க ஆரம்பித்த வருஷம் அவர் வாழ்க்கையில் என்ன நடந்தது? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை.

எசேக்கியாவும் முழு வெள்ளை இல்லை. பாபிலோனிலிருந்து வந்த தூதர்களுக்குத் தன் பொக்கிஷசாலை முழுவதையும் திறந்து காட்டினார். "இதெல்லாம் ஒரு நாள் பாபிலோனுக்குப் போகும், உன் குமாரர்களும் அங்கே அரண்மனை வேலைக்காரராவார்கள்" என்று தீர்க்கதரிசி ஏசாயா எச்சரித்தார். கேட்ட தகப்பன் அழவில்லை, மன்றாடவில்லை. கர்த்தருடைய வார்த்தை நல்லதுதான், என் நாட்களிலாவது சமாதானம் இருக்குமே என்றார். தன் சாவுக்காகச் சுவர்ப்புறமாகத் திரும்பி அழுத அதே மனிதர்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், "என் காலம்வரை மானத்தோடு போனால் போதும், அப்புறம் அவன் பாடு" என்று எழுதியிருக்கிறீர்கள். களைப்பில் எழுதிய வரி என்று புரிகிறது. ஆனால் அது எசேக்கியாவின் வரி.

மனாசேயின் கதை எங்கே முடிகிறது என்பதிலும் வேதத்துக்குள்ளேயே இரண்டு பதிவு இருக்கிறது. ராஜாக்கள் புத்தகத்தில் அவர் பொல்லாதவராகவே செத்துப்போகிறார். நாளாகமத்திலோ அசீரியப் படைத்தலைவர்கள் அவரைச் சங்கிலியால் கட்டிப் பாபிலோனுக்குக் கொண்டுபோகிறார்கள். நெருக்கத்தில் தாழ்மையோடு ஜெபிக்கிறார், எருசலேமுக்குத் திரும்பி வருகிறார், அந்நிய தேவர்களை அகற்றுகிறார். எது நடந்தது என்று வரலாற்று அறிஞர்கள் வாதாடட்டும். நீங்கள் சார்ட் போடும்போது முதல் புத்தகத்தோடு நிறுத்திவிடுகிறீர்கள் என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் நான்காம் தலைமுறை

பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கிறவர் என்ற யாத்திராகம வசனத்தை அந்த ஊழியக்காரர் காட்டியிருப்பார். அடுத்த வசனத்தை வாசித்தாரா? ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கம் என்று அது தொடர்கிறது. இன்னும் நேரடியாக, பிள்ளைகளுக்காகப் பிதாக்களும் பிதாக்களுக்காகப் பிள்ளைகளும் கொலைசெய்யப்படக் கூடாது என்று உபாகமத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்திய ராஜா உங்கள் சார்ட்டிலேயே இருக்கிறார். அமத்சியா. தன் தகப்பனைக் கொன்றவர்களைத் தண்டித்தார், அவர்களுடைய பிள்ளைகளை விட்டுவிட்டார். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் எழுதியிருக்கிறபடி என்று காரணத்தையும் புத்தகம் சொல்கிறது. எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 18ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நீதிமானான தகப்பன், பாதகனான மகன், அதையெல்லாம் கண்டு அப்படிச் செய்யாத பேரன் என்று மூன்று பேரை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணக்குத் தீர்க்கிறது அது.

விளைவு வேறு, குற்றம் வேறு. தகப்பன் செய்ததன் விளைவு பிள்ளைகளைத் தொடும் என்பதை நான் மறுக்கவில்லை. யோசியா எவ்வளவு சீர்திருத்தியும் பாபிலோன் வந்தது. உங்கள் பேரன் இன்று அப்பா இல்லாத வீட்டில் இருக்கிறான், அது அவன் செய்த தப்பில்லை. மருத்துவமும் இதையே சொல்கிறது. குடிக்கு அடிமையாவதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. தாத்தாவுக்கு இருந்தால் பேரனுக்கு ஆபத்து கூடும். ஆனால் அது முன்னெச்சரிக்கைக்கு உதவும் தகவல், தீர்ப்பு இல்லை. அப்பா குடித்தும் குடிக்காத நீங்கள் அதற்கும் உதாரணம்தான்.

அந்த மூன்று நாள் அறைக்கு மட்டும் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். பணத்துக்காகச் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கு அடுத்து கை நடுக்கம், புத்தி தடுமாற்றம், இல்லாத உருவங்கள் தெரிவது எல்லாம் வரலாம். அதைப் பேய் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள். மருத்துவர் பக்கத்தில் இல்லாவிட்டால் உயிரே போகக்கூடிய நிலை அது. அதேபோல, குடியை மறக்கடிக்கும் மருந்து என்று யாராவது கொடுத்தால் சாப்பாட்டில் தெரியாமல் கலக்காதீர்கள். அதற்கு மேல் அவர் குடித்தால் விபரீதமாகிவிடும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். குடியை நிறுத்த வைக்கும் சிகிச்சை அங்கே உண்டு. அவர் வர மறுத்தால் முதலில் நீங்களும் உங்கள் மனைவியும் போய்ப் பேசுங்கள். கிளம்பும் முன்பே யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் 14416, அரசின் டெலிமனஸ் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். ஜெபத்தை விடச் சொல்லவில்லை. ஏசாயாவே எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பற்றுப் போடச் சொன்னார், ஜெபம் கேட்கப்பட்டது என்று அறிவித்த அதே வேளையில்.

முகத்தைப் பார்க்காத இரண்டு வருஷம்

உங்களை எசேக்கியாவோடு ஒப்பிட்டுக்கொள்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் தாவீதுதான் தெரிகிறார்.

தாவீது ராஜாவின் மகன் அப்சலோம் தன் அண்ணன் அம்னோனைக் கொன்றுவிட்டுக் கேசூருக்கு ஓடிப்போய் மூன்று வருஷம் அங்கே இருந்தான். தாவீதின் படைத்தலைவன் யோவாப் ஒரு தந்திரம் செய்து ராஜாவின் மனதை இளக்கி அவனைத் திரும்ப அழைத்துவந்தான். வந்தவனைத் தாவீது, அவன் தன் வீட்டுக்குப் போகட்டும், என் முகத்தை அவன் பார்க்க வேண்டாம் என்றார். எருசலேமிலேயே இரண்டு வருஷம் ராஜாவின் முகத்தைப் பார்க்காமல் அவன் இருந்தான். யோவாபைக் கூப்பிட்டான், வரவில்லை. மறுபடி கூப்பிட்டான், வரவில்லை. கடைசியில் யோவாபின் வாற்கோதுமை வயலுக்குத் தீ வைக்கச் சொன்னான். அப்போதுதான் யோவாப் வந்தான். அதற்கு அப்புறம் தகப்பனுக்கு எதிராக அவன் செய்த கலகமும் எப்பிராயீம் காட்டில் அவன் செத்ததும் உங்களுக்குத் தெரியும்.

முகம் கொடுத்திருந்தால் கலகமே வந்திருக்காது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அப்சலோமுக்குப் பேராசையும் இருந்தது. ஆனால் மன்னித்து ஊருக்குள் சேர்த்துக்கொண்டு முகம் மட்டும் கொடுக்காதது ஒரு வேலைக்கும் ஆகவில்லை. அது தண்டனையாகவும் நிற்கவில்லை, சமாதானமாகவும் ஆகவில்லை. தாவீதின் அடுத்த மகன் அதோனியாவின் விஷயம் இதற்கு நேரெதிர். நீ ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அவனுடைய தகப்பன் ஒருக்காலும் கேட்டு அவனைக் கடிந்துகொண்டதில்லை என்று ராஜாக்கள் புத்தகம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. ஒரே தகப்பன், ஒருவனிடம் கேட்கவே இல்லை, இன்னொருவனைப் பார்க்கவே இல்லை. நீங்கள் இரண்டையும் ஒரே மகனிடம் செய்திருக்கிறீர்கள் என்று படுகிறது. முதல் இரண்டு வருஷம் கேட்காமல் கடனை அடைத்தீர்கள், மூன்றாம் வருஷம் பேச்சை நிறுத்தினீர்கள்.

இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐயா. உங்களால்தான் அவர் குடிக்கிறார் என்று நான் சொல்லவில்லை. அப்படி நம்பினால் சாபத்தை இறக்கிவைத்துவிட்டு வேறொரு பாரத்தைத் தூக்கிக்கொள்வீர்கள். குடிநோய்க்குத் தகப்பனின் மௌனம் காரணம் இல்லை. சிகிச்சைக்கு வழி திறப்பதில் தகப்பனின் பேச்சுக்கு இடம் உண்டு, அவ்வளவுதான்.

எப்படிப் பேசுவது? காலையில், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், நீங்களே மாடி ஏறிப் போங்கள். அன்றைக்குக் கடனைப் பற்றியும் சபையைப் பற்றியும் எடுக்காதீர்கள். மனைவி போனதைச் சொல்லிக் காட்டாதீர்கள். "உன்னோடு பேசாமல் இருந்தது எனக்கும் கஷ்டமாக இருக்கிறது, ஒரு டாக்டரைப் பார்ப்போமா, நானும் வருகிறேன்" என்ற அளவு போதும். ஜனங்களுக்கு நல்வார்த்தைகளாகப் பதில் சொல்லும்படி தாவீதின் பேரனான ரெகொபெயாம் ராஜாவுக்கு முதியோர் யோசனை சொன்னார்கள். அவர் வாலிபரின் பேச்சைக் கேட்டு, தேள்களினால் தண்டிப்பேன் என்றார். பத்துக் கோத்திரம் ஒரே நாளில் கையை விட்டுப் போனது. முதல் தடவை உங்கள் மகன் கதவைச் சாத்தலாம். இரண்டாம் தடவை கத்தலாம். நடக்கும்.

ஆலயத்துக்கு வரச்சொல்லி, சத்தியம் பண்ணச்சொல்லிக் கட்டாயப்படுத்துவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. யோவாஸ் ராஜா ஏழு வயதில் பட்டத்துக்கு வந்து, ஆசாரியன் யோய்தா உயிரோடிருந்த நாளெல்லாம் செம்மையாக நடந்தார், ஆலயத்தைப் பழுதுபார்த்தார். யோய்தா செத்ததும் எல்லாம் தலைகீழ். அதே யோய்தாவின் மகன் சகரியா கண்டித்துப் பேசியபோது, ஆலயப் பிராகாரத்திலேயே கல்லெறிந்து கொல்லக் கட்டளையிட்டார். பக்கத்தில் நிற்கும் ஆளின் பலத்தில் நின்ற நல்லொழுக்கம் அது. குடியிலும் அப்படித்தான், அப்பாவுக்காக நிறுத்தினேன் என்பவர் அப்பாவோடு சண்டை வந்த அன்றே மறுபடி ஆரம்பிப்பார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். உங்கள் நீண்ட கடிதத்தில் உங்கள் மனைவி ஒரே இடத்தில்தான் வருகிறார், மாடிக்குச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் போகிறவராக. யூதாவின் ராஜாக்களைப் பற்றி எழுதும்போது தாயின் பெயரையும் பெரும்பாலும் எழுதுவது அந்தப் புத்தகத்தின் வழக்கம். மனாசேயின் தாய் எப்சிபாள் என்றும் எழுதியிருக்கிறது. அந்த வீட்டில் இன்னமும் மகனோடு பேசுகிற ஒரே ஆள் உங்கள் மனைவி. அவருக்கு என்ன தெரியும் என்று உட்கார்ந்து கேளுங்கள். கடன் எவ்வளவு, யாரிடம், குடி எப்போது அதிகம் என்று உங்களைவிட அவருக்கே கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

வீடும் கடனும்

மூத்தவன் பங்கு கேட்டு வழக்குப் போடுவான், அதனால் உயிரோடு இருக்கும்போதே இளையவன் பேரில் எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். இதில் ஒரு தவறான புரிதல் இருக்கிறது. நீங்கள் வருங்கால வைப்பு நிதியில் கட்டிய வீடு உங்கள் சுயசம்பாத்தியம். இந்தியக் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துவது 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதில் பிள்ளைக்குப் பிறப்பால் வரும் பங்கு என்று ஒன்று கிடையாது. நீங்கள் இருக்கும்வரை இரண்டு மகன்களில் யாரும் பங்கு கேட்க முடியாது. உயில் எழுதாமல் போனால்தான் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் போகும்.

இப்போதே தானப் பத்திரமோ செட்டில்மெண்டோ எழுதிவிட்டால் மனம் மாறும்போது திருப்பி வாங்குவது கடினம். இளையவர் நல்லவர்தான், ஆனால் வீடு அவர் பேரில் போனபின் நீங்களும் உங்கள் மனைவியும் அவர் வீட்டில் குடியிருப்பவர்கள். பராமரிப்போம் என்ற நிபந்தனையை எழுதி, அது மீறப்பட்டால் 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின்கீழ் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். ஆனால் அந்த அலைச்சல் எதற்கு? உயில் போதும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திடுங்கள். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். மனைவிக்கு ஆயுள் முழுக்க வீட்டில் இருக்கும் உரிமை, அதற்கு அப்புறம் இளையவருக்கும் பேரனுக்கும் என்று எழுதவும் வழி உண்டு. மூத்தவர் கையில் நேரடியாகப் பணம் போகாமல், அவர் குடும்பத்தைக் கைவிடாமலும் இருக்கும். அவர் தேறி வந்தால் உயிலை மாற்றி எழுதுங்கள்.

கடன் விஷயத்தில் கொஞ்சம் கெட்டியாக இருங்கள். 32 வயது மகன் வாங்கிய கடனுக்கு, நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலொழிய, நீங்கள் பொறுப்பில்லை. வாசலில் வந்து சத்தம் போடுகிறவர்களிடம் அதைச் சொல்லலாம். மிரட்டினால் காவல்துறையில் எழுத்தில் புகார் கொடுங்கள். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. மூன்றாம் முறை நீங்கள் அடைத்தால் நாலாவது கடனுக்கு நீங்களே ஜாமீன் என்று கொடுத்தவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். சிகிச்சைக்கு ஆகும் செலவைக் கொடுங்கள், கடன்காரருக்குக் கொடுக்க வேண்டாம். மருமகள் அடிபட்டுத்தான் போனாரா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் அவரைத் திரும்ப வரச்சொல்லி யாரையும் அனுப்பாதீர்கள். குடி நின்று கொஞ்சக் காலம் நிலைக்கட்டும்.

பேரனும் ஓய்வுநாள் பள்ளியும்

பேரனைப் பார்க்கவே பயமாக இருக்கிறது, நாளைக்கு இவனும் அப்படித்தானோ என்று எழுதியிருக்கிறீர்கள். யோசியா ராஜாவானபோது வயது எட்டு. பதினாறு வயதில் தன் முன்னோராகிய தாவீதின் தேவனைத் தேட ஆரம்பித்தார் என்கிறது நாளாகமம். ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாண புத்தகம் கிடைத்தது 26 வயதில். நடுவில் அத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. கொலைசெய்யப்பட்ட தகப்பனின் பையனை அந்தக் காலத்தில் யாரோ வளர்த்திருக்கிறார்கள். எழுத்தன் சாப்பான், ஆசாரியன் இல்க்கியா, தீர்க்கதரிசி உல்தாள் போன்றவர்கள் அவர் காலத்தில் இருந்தது நமக்குத் தெரியும். இன்னொரு கணக்கு: மனாசே இறந்தபோது யோசியாவுக்கு ஆறு வயது இருக்கும். பாபிலோனிலிருந்து திரும்பிய அந்தத் தாத்தா பேரனிடம் என்ன பேசினார் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. எனக்கு அது ஒரு பெரிய குறை.

உங்கள் பேரனுக்கும் ஆறு வயது. மருமகளிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். அவனுடைய பள்ளிக்கூடக் கட்டணத்தை நீங்கள் ஏற்க முடியுமானால் நேரடியாகப் பள்ளியில் கட்டுங்கள். அவன் முன்னால் அவன் அப்பாவைப் பற்றி மோசமாக ஒரு வார்த்தையும் வேண்டாம். கேட்டால், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, டாக்டரிடம் போகப் போகிறோம் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

கடைசிக் கேள்வி, ஓய்வுநாள் பள்ளியை விடுவதா என்பது. சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட வசனம் கண்காணிகளை, அதாவது சபையை நடத்தும் தலைவர்களைப் பற்றியது. அந்தப் பேச்சு உங்கள் சபையில் எழுந்தால் போதகரிடம் நேராகப் பேசுங்கள், வதந்திக்குப் பதில் சொல்லாதீர்கள். ராஜாக்களின் கதை எங்கே தொடங்குகிறது என்பதையும் யோசியுங்கள். தீர்க்கதரிசி சாமுவேல் முதிர்வயதானபோது அவருடைய மகன்கள் யோவேலும் அபியாவும் லஞ்சம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். எங்களுக்கு ஒரு ராஜாவை ஏற்படுத்தும் என்று மூப்பர்கள் கேட்டதற்கு முதல் சாக்கு அதுதான். மகன்களைத் தடுக்கவில்லை என்று அவருக்கு முன்பிருந்த ஆசாரியர் ஏலிக்குக் கண்டிப்பு வந்தது. சாமுவேலுக்கு அப்படி ஒரு கண்டிப்பும் எழுதப்படவில்லை. அவர் ஊழியத்தைத் தொடர்ந்தார், சவுலையும் தாவீதையும் அபிஷேகம் பண்ணினார்.

எனவே விட வேண்டாம். ஆனால் இந்த மாதம் உடம்பும் மனசும் ஓய்வு கேட்டால் இரண்டு வாரம் வேறு ஆசிரியரிடம் ஒப்படையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் மருத்துவரைப் பார்க்கும் வேலையை முடியுங்கள். உயில் அதற்கு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். வழக்கறிஞரிடம் போகும்போது வீட்டின் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியையும் கூட்டிப் போங்கள்.